ஹார்ட் டிஸ்க் போச்சா, கேபிள் போச்சா?

போன மாதம் ஒரு ராத்திரி பத்து மணிக்குச் சித்தப்பா மகன் போன் பண்ணினான். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். மூன்று வருடப் படங்கள் ஒரே எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில்.

"அண்ணா, டிஸ்க் செத்துப்போச்சு. சொருகினா ஃபார்மட் பண்ணச் சொல்லுது. கடையில காட்டினேன். ஃபார்மட் பண்ணிட்டு அப்புறமா ரெகவரி பண்ணிக்கலாம்னு சொல்றாங்க. பண்ணிடவா?"

"எதையும் அமுக்காதப்பா. கழற்றி வை. காலையில எடுத்துட்டு வா."

காலையில் வந்தான். டிஸ்க்கைச் சுற்றி ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட். கேபிள் முனை ஆடாமல் இருக்க அதை இழுத்து மாட்டியிருந்தான். "இப்படிக் கட்டினா கொஞ்ச நேரம் வேலை செய்யும்ணா" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு மாதமாம். அந்த ரப்பர் பேண்டே பாதி நோயைச் சொல்லிவிட்டது.

"டிஸ்க் போச்சு" என்ற இரண்டு வார்த்தைக்குள் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகளை நாம் அடைத்துவிடுகிறோம். இன்னொரு பக்கம், எது கேட்டாலும் "டிரைவரை அப்டேட் பண்ணு" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. இரண்டுமே பார்க்காமல் சொல்வது. நல்ல டிஸ்க்கை அவசரப்பட்டு ஃபார்மட் செய்து, குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். அது நடக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

## கிணறு வற்றியதா, குழாய் அடைத்ததா

மாடியில் குழாயைத் திறக்கிறோம், தண்ணீர் வரவில்லை. உடனே கிணறு வற்றிவிட்டது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. தொட்டியில் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, ஃபுட் வால்வு அடைத்திருக்கிறதா, குழாயில் காற்று நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கிணற்றில் ஆள் இறங்குவது கடைசி. டிஸ்க் விஷயத்தில் மட்டும் நேரே கிணற்றுக்குப் போய்விடுகிறோம்.

ஒரு படத்தை டபுள் கிளிக் செய்தால் அது திரைக்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது பாருங்கள். தகவல் உண்மையில் இருப்பது டிஸ்க்குக்குள்ளே. ஹார்ட் டிஸ்க் என்றால் சுழலும் காந்தத் தட்டில், எஸ்.எஸ்.டி. என்றால் ஃபிளாஷ் சிப்பில். அதை வாசித்துத் தருவது டிஸ்க்கின் சொந்த சர்க்யூட் போர்டு. வீட்டில் இருக்கும் பெரும்பாலான டிஸ்க்குகளின் போர்டு பேசும் பாஷைக்குச் சாட்டா என்று பெயர். 2003-ல் வந்த இணைப்பு முறை அது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பெட்டிக்குள் இன்னொரு சின்ன சிப் இருக்கிறது. சாட்டா பாஷையை யு.எஸ்.பி. பாஷைக்கு மாற்றித் தருவது அதன் வேலை, பெயர் பிரிட்ஜ். சில மாடல்களில் இது டிஸ்க்கின் போர்டிலேயே சேர்ந்திருக்கும். அதன்பிறகுதான் கேபிள். கேபிள் போய்ச் சேரும் துளை போர்ட். போர்ட்டுக்குப் பின்னால், வரும் சிக்னலை வாங்கி ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் என்ற சிப். கன்ட்ரோலரோடும் டிஸ்க்கோடும் பேச விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ ஒரு மென்பொருள் வேண்டும், அதுதான் டிரைவர். எல்லாவற்றுக்கும் மேலே ஃபைல் சிஸ்டம். எந்தப் படம் டிஸ்க்கில் எந்த இடத்தில் கிடக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் கணக்குப் புத்தகம் என்று அதைச் சொல்லலாம்.

இவற்றில் எது அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: படம் திறக்கவில்லை.

இதுவரை சொன்னது: டிஸ்க், பிரிட்ஜ், கேபிள், போர்ட், கன்ட்ரோலர், டிரைவர், ஃபைல் சிஸ்டம் என்று ஒரு சங்கிலி. கோளாறு எந்தக் கண்ணியில் என்று தெரியும் முன்னால் சிகிச்சை ஆரம்பிக்கக் கூடாது.

## மொய் எழுதும் மேசை

கேபிள் கெட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், "டிஸ்க் வராது" என்பார்கள் பலர். நிஜத்தில் அது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் நடப்பதுதான் எல்லாரையும் குழப்புகிறது.

கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கவரைப் பிரித்து ஊர், பெயர், தொகை என்று சத்தமாகச் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதுகிறார். பக்கம் நிறைந்ததும், கையில் இருக்கும் பணமும் நோட்டில் இருக்கும் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். போனால் அடுத்த பக்கம். போகாவிட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் முழங்குகிறது. நூற்றொன்று என்று சொன்னது ஐநூற்றொன்று என்று காதில் விழுகிறது. கூட்டல் உதைக்கிறது. மறுபடி வாசிக்கிறார்கள். மறுபடியும் உதைக்கிறது. கடைசியில் எழுதுகிறவர், "அண்ணே, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்கிறார்.

கேபிளின் இரு முனைகளிலும் நடப்பது ஏறக்குறைய இதேதான். தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண். அனுப்புகிறவர் கணக்குப் போட்டு எழுதுவார், வாங்குகிறவர் அதே கணக்கைத் தானும் போட்டு ஒப்பிடுவார். இதற்குச் சி.ஆர்.சி. என்று பெயர். வெஸ்லி பீட்டர்சன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1961-ல் கொடுத்த முறை. மொய் நோட்டில் போடுவது வெறும் கூட்டல். இது வகுத்து வரும் மீதியை எடுக்கும் முறை என்பதால் இரண்டு தப்பு ஒன்றையொன்று ஈடுகட்டித் தப்பித்துப் போவது மிகக் கடினம்.

எண் ஒத்துப்போகாவிட்டால் பொட்டலத்தைத் திரும்ப அனுப்பச் சொல்கிறது. இதெல்லாம் நமக்குத் தெரியாமலே நடக்கிறது. நமக்குத் தெரிவது இவ்வளவுதான்: காப்பி ஆகிக்கொண்டிருந்த ஃபைல் திடீரென்று நிற்கிறது, பத்து விநாடி அசைவில்லை, அப்புறம் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது.

தப்பு தொடர்ந்து வந்தால் "மெதுவாகச் சொல்லுங்க" கட்டம் வரும். சாட்டா இணைப்பு நொடிக்கு 6 ஜிகாபிட் வேகத்தில் பேசும். பிழை குவிந்தால் லினக்ஸ் அதை 3 ஆக இறக்கும், அப்புறம் 1.5 ஆக இறக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது இன்னும் கொடுமை. மொத்தம் ஆறு பிழைக்கு மேல் போனால் ஒரு படி கீழே, அப்படியே படிப்படியாக இறங்கி, கடைசியில் ஆமை வேகத்துக்கு வந்து நின்றுவிடும். அந்தக் காலத்தில் "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு" என்று தூக்கிப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு ஒரு ரிப்பன் கேபிளை மாற்றினால் போதுமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

ஆக, மோசமான கேபிள் முதலில் டிஸ்க்கை மெதுவாக்கும். அப்புறம் நடுவில் நிறுத்தும். கடைசியில்தான் காணாமல் போக்கும். "ஸ்லோவா இருக்கு" என்பதும் இணைப்புக் கோளாறாக இருக்கலாம்.

## கேபிளுக்குள்ளே என்ன இருக்கிறது

பழைய யு.எஸ்.பி. 2.0 கேபிளில் நான்கு கம்பி. ஒன்று 5 வோல்ட் மின்சாரம், ஒன்று தரை (கிரவுண்ட்), மீதி இரண்டில்தான் தகவல் போகும். வேகம் நொடிக்கு 480 மெகாபிட் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்). 2008-ல் வந்த யு.எஸ்.பி. 3.0 இதை மாற்றிப் புதுசாகச் செய்யவில்லை. பழைய நான்கையும் அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து தொடுமுனைகளைச் சேர்த்தது. வேகம் 5 ஜிகாபிட் ஆனது.

இந்த "சேர்த்தது" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. புது ஐந்தும் சரியாகத் தொடாவிட்டால் டிஸ்க் காணாமல் போகாது. பழைய நான்கை வைத்துக்கொண்டு 2.0 வேகத்தில் ஓடும். நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் காப்பி ஆக வேண்டிய டிஸ்க், 30, 35 என்று நொண்டுகிறதா? ஐந்தில் ஏதோ ஒன்று தொடவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். பல நேரம் பிளக்கைக் கழற்றி, நேராக, முழுதாக உள்ளே தள்ளினாலே சரியாகிவிடும்.

ஒரு பிளக் ஆடுவதால் இவ்வளவு வருமா என்று தோன்றலாம். 5 ஜிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம், ஒரு நொடியை 500 கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதற்குள் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். அந்த வேகத்தில் தொடுமுனையில் படிந்த அழுக்கும், மடங்கி நசுங்கிய கம்பியும் கெட்டிமேளத்துக்குச் சமம்.

இன்னொன்று மின்சாரம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் தகவலும் கரண்டும் ஒரே கேபிளில் வருகின்றன. யு.எஸ்.பி. 2.0 போர்ட் தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. சின்ன ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கும் அந்த ஓரிரு விநாடியில் ஏறக்குறைய 1 ஆம்பியர் வரை இழுக்கும். கிணற்று மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வீட்டு விளக்கு மங்குவது போலத்தான். கேபிள் நீளமாக, கம்பி மெலிதாக இருந்தால் வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். டிஸ்க் சுழலப் பார்க்கும், முடியாமல் நிற்கும், மறுபடி பார்க்கும். விண்டோஸ் "டிங்" என்று சேர்ந்த சத்தமும் விட்ட சத்தமும் மாறி மாறிப் போடும். தனி அடாப்டர் இல்லாத யு.எஸ்.பி. ஹப்பில் டிஸ்க், மவுஸ், கீபோர்ட் எல்லாவற்றையும் தொங்கவிட்டால் இது கட்டாயம் ஒருநாள் நடக்கும்.

டைப்-சி கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு முனையும் டைப்-சி என்பதால் உள்ளே எல்லாக் கம்பியும் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். போனுக்குக் கூடவே வரும் சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் 2.0-க்கு உரிய தகவல் கம்பிகள் மட்டும்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எஸ்.எஸ்.டி.யோடு வந்த கேபிளைத் தொலைத்துவிட்டு சார்ஜர் கேபிளைப் போட்டு, "எஸ்.எஸ்.டி. டுபாக்கூர்" என்று திட்டுவது நியாயமில்லை.

மேசைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாட்டா கேபிளில் மின்சாரம் தனி, தகவல் தனி. தகவல் கேபிளில் ஏழு முனை: தகவலுக்கு இரண்டு ஜோடி, நடுநடுவே மூன்று தரை. நீளம் 1 மீட்டருக்கு மேல் கூடாது. இதன் பிளக் மெலிதான பிளாஸ்டிக். ஐம்பது தடவை சொருகி எடுப்பதற்கு என்றுதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். யு.எஸ்.பி.யின் பழைய நீள்சதுர முனைக்கு அது 1,500, டைப்-சி முனைக்கு 10,000. அதனால் சாட்டா கேபிளை நினைத்த போதெல்லாம் பிடுங்கக் கூடாது. வாங்கும்போது முனையில் உலோகக் கொக்கி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். கேபினெட்டைத் தூக்கி நகர்த்தும்போது நழுவாது.

## டிரைவர் என்றால் பாகன்

கோயில் அதிகாரி யானையைச் சுவாமி புறப்பாட்டுக்கு அழைத்து வரச் சொல்கிறார். அவர் சொல்வது யானைக்குப் புரியாது. எந்தச் சொல்லுக்கு உட்காரும், எந்தச் சொல்லுக்குக் கால் தூக்கும் என்பது பாகனுக்குத்தான் தெரியும். டிரைவர் அந்தப் பாகன். விண்டோஸ் "இந்த ஃபைலை எடு" என்றால், டிரைவர் அதை டிஸ்க் அறிந்த கட்டளையாக்கிக் கன்ட்ரோலர் வழியாக அனுப்பும்.

இதில் பரவலான ஒரு தப்பான எண்ணம்: ஒவ்வொரு கம்பெனி டிஸ்க்குக்கும் ஒரு தனி டிரைவர் உண்டு, அதை எங்கேயோ போய் இறக்க வேண்டும் என்பது. அப்படி இல்லை. டிஸ்க்குகள் எல்லாம் ஒரே சொற்களுக்குப் பழக்கப்பட்ட யானைகள். எந்தக் கம்பெனி பென் டிரைவும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒரே பொது மொழியில்தான் பேசுகின்றன. அதற்கான டிரைவர் விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் கூடவே வருகிறது. "உங்கள் ஹார்ட் டிஸ்க் டிரைவரை இங்கே டவுன்லோட் செய்யுங்கள்" என்று அழைக்கும் தளங்களையும், எல்லா டிரைவரையும் தானே புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களையும் தொடவே வேண்டாம். தேவை இல்லாத இடத்தில் புதுப் பாகனை ஏற்றி, இருக்கிற கோளாறோடு இன்னொன்றைச் சேர்த்துவிடும்.

காலில் முள் தைத்து யானை நொண்டினால் பாகனை மாற்றி என்ன பயன்? கேபிள் கெட்டிருக்கும்போது டிரைவரை மாற்றுவதும் அப்படித்தான்.

ஆனால் பாகனே காரணமாக இருக்கும் இடங்களும் உண்டு. மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன், அடிக்கடி வருவதால்.

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் புதிதாக விண்டோஸ் போட உட்கார்ந்தால், "டிஸ்க் எதுவும் இல்லை" என்று வெறும் கட்டம் வரும். எஸ்.எஸ்.டி. உள்ளேதான் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. அந்த லேப்டாப்கள் எஸ்.எஸ்.டி.யை வி.எம்.டி. என்ற இன்டெல் ஏற்பாட்டுக்குப் பின்னால் வைத்திருக்கும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவில் அதற்கான பாகன் இல்லாமல் இருக்கலாம். லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்துப் பென் டிரைவில் போட்டு, நிறுவும் திரையிலேயே ஏற்றினால் டிஸ்க் தெரியும். இதைத் தெரியாமல் புது எஸ்.எஸ்.டி. வாங்கியவர்கள் உண்டு. புதியதும் தெரியாது, பாவம்.

இரண்டாவது, மின்சாரம் சேமிக்கும் ஏற்பாடு. கொஞ்ச நேரம் பேச்சில்லாத யு.எஸ்.பி. சாதனத்தை விண்டோஸ் தூங்க வைக்கும். சில பிரிட்ஜ் சிப்புகள் தூங்கினால் ஒழுங்காக எழுந்திருக்காது. டிஸ்க் சும்மா இருந்தால் மட்டும் காணாமல் போகிறது, காப்பி ஓடும்போது போவதில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பவர் ஆப்ஷன்ஸில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்று இருப்பதை நிறுத்திப் பாருங்கள்.

மூன்றாவது, டிரைவர் பதிவு குழம்பிப் போவது. விண்டோஸ் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி வரும். கோட் 10 என்றால் சாதனம் தொடங்கவில்லை. கோட் 43 என்றால் சாதனமே கோளாறைத் தெரிவித்ததால் விண்டோஸ் நிறுத்திவிட்டது. அந்த டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சொருகினால் விண்டோஸ் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும். அன்இன்ஸ்டால் என்ற வார்த்தையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். போவது பாகன்தான், டிஸ்க்கில் இருக்கும் ஒரு ஃபைல்கூடப் போகாது. ஆனால் விண்டோஸே ஓடிக்கொண்டிருக்கும் உள் டிஸ்க்கின் கன்ட்ரோலரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். பயோஸில், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில், டிஸ்க் இணைப்பு முறையை மாற்றும் ஏ.எச்.சி.ஐ., ரெய்டு தேர்வையும் தொடாதீர்கள். அடுத்த தடவை கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போகலாம்.

சுருக்கமாக: பொது டிரைவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. டிஸ்க் ஒரு கம்ப்யூட்டரில் வந்து இன்னொன்றில் வராவிட்டால் டிரைவரைச் சந்தேகப்படலாம். இரண்டிலும் வராவிட்டால் டிரைவர் மேல் பழி போடாதீர்கள்.

## ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

கேபிளையும் போர்ட்டையும் ஒரே சமயத்தில் மாற்றி, டிஸ்க் வந்துவிட்டால், எது குற்றவாளி என்று தெரியாது. அடுத்த வாரம் அதே தொல்லை திரும்பும். ஒவ்வொன்றாக, செலவில்லாததிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். "டக், டக், டக்" என்று சீராகத் தட்டும் சத்தம் வருகிறதா? கரண்ட் பற்றாமலும் அது வரலாம் என்பதால் நல்ல கேபிளோடு கம்ப்யூட்டரின் நேரடி போர்ட்டில் ஒரே ஒரு தடவை சொருகிப் பாருங்கள். அப்போதும் தட்டினால் உடனே எடுத்துவிடுங்கள். அது வாசிக்கும் ஊசியின் கோளாறாக இருக்கலாம். ஒவ்வொரு தடவை சுழலும்போதும் சேதம் கூடும். அங்கே இந்தக் கட்டுரையின் வேலை முடிந்தது, ரெகவரி நிபுணரிடம்தான் போக வேண்டும். வீட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

சத்தம் இயல்பாக இருந்தால் போர்ட்டை மாற்றுங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் சொருகுங்கள். முன்பக்க போர்ட் மதர்போர்டுக்குப் போக உள்ளே இன்னொரு கேபிள் ஓடுகிறது. பின்பக்கம் மதர்போர்டிலேயே பற்ற வைத்தது. ஹப், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கேபிள். தெரிந்து நன்றாக வேலை செய்யும் ஒரு கேபிளோடு மாற்றிப் பார்க்க வேண்டும். டிராயரில் கிடக்கும் இன்னொரு சந்தேகத்துக்குரிய கேபிளோடு அல்ல. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில் ஒரு அகலமான, நடுவில் பிளவுபட்ட முனை வரும். அதற்கு மாற்றுக் கேபிள் வீட்டில் இருக்காது என்று நினைப்போம். அந்தத் துளையின் அகலமான பாதியை உற்றுப் பாருங்கள். பழைய ஆண்ட்ராய்டு போன்களின் மைக்ரோ யு.எஸ்.பி. துளைதான் அது! பழைய போனின் டேட்டா கேபிள் அதில் அப்படியே பொருந்தும். வேகம் 2.0 தான் கிடைக்கும். ஆனால் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது போதும்.

கேபிளும் போர்ட்டும் மாற்றியும் வரவில்லையென்றால் இன்னொரு கம்ப்யூட்டர். அதிலும் வராவிட்டால்தான் பிரிட்ஜையும் டிஸ்க்கையும் சந்தேகப்பட வேண்டும். உள்ளே இருப்பது சாதாரண சாட்டா டிஸ்க் என்றால், தெரிந்த ஆளிடம் பெட்டியைக் கழற்றி வேறு சாட்டா அடாப்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். பிரிட்ஜ் மட்டும் செத்து டிஸ்க் பிழைத்த கதைகள் நிறைய உண்டு.

டிஸ்க் திஸ் பிசி (முன்பு மை கம்ப்யூட்டர்) பட்டியலில் தெரியவில்லை, ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற இடத்தில் சரியான அளவோடு, ஃபைல் சிஸ்டத்தின் பெயரோடு தெரிகிறது என்றால் சங்கிலி முழுசாக இருக்கிறது. அதற்கு ஒரு டிரைவ் எழுத்து ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். வலது கிளிக்கில் எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது.

## டிஸ்க் தானே எழுதி வைக்கும் குறிப்பு

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்று இலவசக் கருவிகள் அதைக் காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் நாம் பார்க்க வேண்டியது மூன்று வரிதான்.

5 என்ற எண் உள்ள வரி, கெட்டுப்போய் ஒதுக்கி வைத்த இடங்கள் எத்தனை என்று சொல்லும். 197, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள். இந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால் கிணறே வற்றுகிறது; உடனே நகல் எடுங்கள். 199 வேறு. அது சி.ஆர்.சி. பிழைகளின் எண்ணிக்கை, அதாவது மொய் மேசையில் கூட்டல் எத்தனை தடவை உதைத்தது என்ற கணக்கு. 5-ம் 197-ம் சுழியாக இருந்து, 199 மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தால், டிஸ்க் நலம், கேபிள்தான் நோயாளி.

கேபிளை மாற்றியபிறகும் 199 சுழிக்குத் திரும்பாது. அது ஆயுள் கணக்கு. மேற்கொண்டு ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். இன்னொரு விஷயம்: எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இந்த எண் பெட்டிக்குள்ளே இருக்கும் சாட்டா இணைப்பின் பிழையைத்தான் எண்ணும். வெளியே தொங்கும் யு.எஸ்.பி. கேபிளின் பிழை இதில் வராது. 199 சுத்தமாக இருக்கிறது என்று யு.எஸ்.பி. கேபிளுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது.

## "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஏன் கேட்கிறது

கணக்குப் புத்தகத்தை வாசிக்க முடியவில்லை என்றால் விண்டோஸுக்குத் தெரிந்த ஒரே பேச்சு அதுதான். ஏன் வாசிக்க முடியவில்லை என்று அது யோசிப்பதில்லை. மேக்கிலோ லினக்ஸிலோ ஃபார்மட் செய்த நல்ல டிஸ்க்கைச் சொருகினாலும் இதையே கேட்கும். கேபிள் ஆடி, முதல் சில பொட்டலங்கள் வந்து சேராவிட்டாலும் இதையே கேட்கும். அந்த ஒரு கேள்வியைப் பார்த்து டிஸ்க் செத்தது என்று சொல்வது தவறு.

அதே மாதிரி, செக்டிஸ்க் என்ற பழுதுபார்க்கும் கட்டளையையும் இணைப்பு உறுதியாகும் வரை ஓட்டாதீர்கள். பழுதுபார்ப்பு என்றால் கணக்குப் புத்தகத்தில் அது திருத்தி எழுதும். காது சரியாகக் கேட்காத நேரத்தில் மொய் நோட்டை அடித்துத் திருத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். முதலில் இணைப்பு, அடுத்து நகல், அப்புறம்தான் பழுது. இந்த வரிசை மாறினால்தான் படங்கள் போகின்றன.

அன்றைக்கு நாங்கள் செய்ததும் இவ்வளவுதான். ரப்பர் பேண்டை அவிழ்த்தேன். பிளக்கை ஒரு விரலால் மேலே தள்ளினால் நீல விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது. முனைக்குப் பக்கத்தில் கேபிளின் தோல் வெடித்து உள்ளே வெள்ளிக் கம்பி தெரிந்தது; காமிரா பையில் டிஸ்க்கோடு சேர்த்து மடக்கி மடக்கி வைத்ததில் வந்த காயம். டிஸ்க்கின் துளை ஆடவில்லை, அது ஒரு நிம்மதி. வீட்டில் கிடந்த பழைய போன் கேபிளைத் துளையின் அகலமான பாதியில் சொருகினேன். தட்டு சுழலும் மெல்லிய இரைச்சல், ஒரே ஒரு "டிங்". ஃபோல்டர்கள் ஊர்ப் பெயரும் தேதியுமாக வரிசையாக வந்து நின்றன. அவன் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

700 ஜிபி. நொடிக்கு 35 மெகாபைட் வேகத்தில் ஐந்தரை மணி நேரம் ஓடியது. முழுசும் என் டிஸ்க்குக்கு வந்தபிறகுதான் சாப்பிடவே உட்கார்ந்தான். சாயங்காலம் புதுக் கேபிளும், இரண்டாவது நகலுக்கு இன்னொரு டிஸ்க்கும் வாங்கி வந்தான். புதுக் கேபிளில் வேகம் 110-ஐத் தொட்டது. 5, 197 இரண்டு வரியும் சுழி.

கிளம்பும்போது பார்த்தேன், பழைய கேபிளைச் சுருட்டி அதே ரப்பர் பேண்டைப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். "அவசரத்துக்கு ஆகும்ணா" என்றான். வாங்கி, இரண்டு முனைக்கும் பக்கத்தில் கத்தரிக்கோலால் வெட்டி, துண்டுகளைக் குப்பையில் போட்டேன்.